விளக்கு அணைந்தால் வால்வு மூடிவிட்டது என்று அர்த்தமா?

"சோலினாய்டு வால்வா? ரொம்ப சிம்பிள். கரண்ட் கொடுத்தால் திறக்கும், நிறுத்தினால் மூடும்."

இன்ஜினியரிங் மாணவர் யாரைக் கேட்டாலும் இந்த பதில்தான் வரும். பரீட்சையில் இதற்கு மார்க்கும் கிடைக்கும். ஆனால் இது பாதி உண்மைதான். மீதிப் பாதியை மறந்ததன் விளைவை 1979-ல் அமெரிக்காவில் ஓர் அணு உலை காட்டியது.

முதலில் இந்த வால்வு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். ஒரு கம்பிச் சுருள், அதற்குள் மேலும் கீழும் நகரும் ஓர் இரும்புத் தண்டு, அதன் மேல் ஒரு ஸ்பிரிங். சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் காந்தப்புலம் தண்டை மேலே இழுக்கும், துளை திறக்கும். மின்சாரம் நின்றதும் ஸ்பிரிங் தண்டைக் கீழே தள்ளும், துளை மூடும். அதாவது மின்சாரம் செய்வது திறக்கும் வேலை மட்டுமே. மூடுவது ஸ்பிரிங். கரண்டை நிறுத்துவது "இனி நீ மூடலாம்" என்று ஸ்பிரிங்குக்குக் கொடுக்கும் அனுமதி, அவ்வளவுதான். அது மூடியதா இல்லையா என்பது சுருளுக்குத் தெரியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 25 மி.மீ. துளையில் 10 பார் அழுத்தம் இருந்தால், அதை எதிர்த்துக் கதவைத் தூக்க ஏறக்குறைய 50 கிலோ விசை வேண்டும். சின்னச் சுருளால் இது ஆகாது. அதே அழுத்தத்தில் 2 மி.மீ. துளை என்றால் சுமார் 300 கிராம் போதும். எனவே சுருள் ஒரு குட்டித் துளையை மட்டும் திறக்கும். அது திறந்ததும் பெரிய கதவின் பின்னால் உள்ள அழுத்தம் வடிந்துவிடும். பிறகு திரவத்தின் சொந்த அழுத்தமே பெரிய கதவைத் தூக்கிவிடும். இதுதான் 'பைலட்' வகை. வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் விடும் வால்வும் இதே இனம்தான்.

கெட்டிக்காரத்தனமான யோசனை, சந்தேகமில்லை. ஆனால் இதில் மின்சாரத்துக்கும் பெரிய கதவுக்கும் நேரடித் தொடர்பே இல்லை! நடுவில் குட்டித் துளை, ரப்பர் சவ்வு, சவ்வில் ஊசிமுனை போன்ற ஓர் ஓட்டை என்று பல கைகள் மாறுகின்றன. அந்த ஓட்டையை ஒரு மண்துகள் அடைத்தாலும் போதும், சவ்வின் மேல் அழுத்தம் சேராது, கதவு மூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில வாஷிங் மெஷின்களில் தண்ணீர் நிறைந்துகொண்டே போவது இப்படித்தான்.

வீட்டில் நடந்தால் தரை நனையும். அணுமின் நிலையத்தில் நடந்தால்?

1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. பென்சில்வேனியா மாநிலத்தின் த்ரீ மைல் ஐலண்ட் நிலையம், 2-வது உலை. நீராவி தயாரிக்கும் பகுதிக்குத் தண்ணீர் அனுப்பும் பம்புகள் நின்றுவிட்டன. உலையில் அழுத்தம் ஏறியது. அதைக் குறைக்க மேலே இருந்த நிவாரண வால்வு திறந்தது. இதுவும் சோலினாய்டால் இயங்கும் பைலட் வகைதான். 15 விநாடிக்குள் அழுத்தம் இறங்கியது, சோலினாய்டுக்குப் போன மின்சாரம் நின்றது. வால்வு மட்டும் மூடவில்லை.

கட்டுப்பாட்டு அறையில் இந்த வால்வுக்கு ஒரு விளக்கு இருந்தது. அது அணைந்தது. வால்வு மூடிவிட்டது என்று ஆபரேட்டர்கள் நம்பினார்கள். ஆனால் அந்த விளக்கு வால்வோடு இணைக்கப்படவே இல்லை, சோலினாய்டுக்குப் போகும் மின்சாரத்தைத்தான் காட்டியது! 2 மணி 20 நிமிடத்துக்கு மேல் உலையின் தண்ணீர் அந்த வழியாக வெளியேறியது. எரிபொருள் பகுதியில் ஏறக்குறைய பாதி உருகியது. சுத்தம் செய்யும் வேலை 1993 வரை நீண்டது.

"ஆபரேட்டர்கள்தானே அவசரக் குளிர்ச்சி நீரைக் குறைத்தார்கள்? அது மனிதத் தவறு" என்று இன்றும் வாதிடுபவர்கள் உண்டு. குறைத்தது உண்மை. வால்வுக்குப் பின்னால் உள்ள குழாய் சூடாக இருந்ததையும் அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் குழாய் கசிவினால் அதற்கு முன்பே சூடாகத்தான் இருந்து வந்தது. உலைக்கலனில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று நேரடியாகக் காட்டும் கருவி கிடையாது. வெளியேறிய நீர் சேரும் தொட்டியின் அளவுமானி முதன்மைப் பலகைக்குப் பின்புறம் இருந்தது. எதிரே இருந்த விளக்கோ தவறான நம்பிக்கையைக் கொடுத்தது. கண்ணைக் கட்டி விட்டுவிட்டு, "ஏன் இடறி விழுந்தாய்?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

இது யாரும் எதிர்பாராத விபத்தும் அல்ல. 1977 செப்டம்பரில் ஒஹையோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் இதே போன்ற வால்வு இதே மாதிரி திறந்தபடி சிக்கிக்கொண்டது. அங்கும் ஆபரேட்டர்கள் குளிர்ச்சி நீரை நிறுத்தினார்கள். சுமார் 20 நிமிடத்தில் கண்டுபிடித்ததால் தப்பித்தார்கள். இரண்டு உலைகளையும் வடிவமைத்தது பாப்காக் அண்டு வில்காக்ஸ் நிறுவனம். அதன் பொறியாளர் ஒருவர் எழுதிய எச்சரிக்கை, விபத்துக்கு முன் மற்ற நிலையங்களைச் சென்றடையவில்லை.

இதைவிடக் கொடுமை அந்த விளக்கின் கதை. தொடக்கத்தில் அந்த விளக்கே கிடையாது. 1978 மார்ச்சில் அதே த்ரீ மைல் ஐலண்ட் உலையில் இந்த வால்வு திறந்துகொண்ட சம்பவத்துக்குப் பிறகுதான் பொருத்தினார்கள். பொருத்தும்போதாவது கதவின் நிலையைக் காட்டும்படி செய்திருக்கலாம். சோலினாய்டின் மின்கம்பியோடு இணைத்துவிட்டார்கள்.

கதவின் நிலையைக் காட்டும் ஸ்விட்சும் பழுதாகலாமே என்று கேட்கலாம். ஆகலாம். ஆனால் கட்டளை ஒன்று சொல்லி, ஸ்விட்ச் வேறொன்று சொன்னால், ஏதோ தப்பு என்றாவது தெரியும். ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதுவதைவிட அது மேல். விபத்துக்குப் பிறகு அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையமும் இத்தகைய வால்வுகளின் நிலையை நேரடியாகக் காட்டும் வசதியைக் கட்டாயமாக்கியது. பாதி உலை உருகிய பிறகு!

எல்லா வால்வுக்கும் இது வேண்டும் என்பதில்லை. வாஷிங் மெஷினுக்குத் தேவையில்லை. ஆனால் மூடாவிட்டால் உயிர் போகும் என்கிற இடத்தில், அது கொதிகலனோ, எரிவாயுக் குழாயோ, ரசாயனத் தொட்டியோ, கட்டளையை மட்டும் காட்டும் விளக்கு ஒரு பொய்சாட்சி.

வகுப்பில் கரும்பலகையில் வரையும் படத்தில் சுருளிலிருந்து வால்வுக்கு ஓர் அம்புக்குறி போடுகிறார்கள். வால்வு என்ன செய்தது என்று திரும்பி வரும் அம்புக்குறியையும் சேர்த்து வரைந்தால்தான் அந்தப் படம் முழுமையாகும். அதுவரை "ரொம்ப சிம்பிள்" என்ற பதிலுக்கு அரை மார்க் போதும்.