மருந்தடிப்பவருக்கு எட்டாத எச்சரிக்கை

பெரிய தொழிற்சாலைகளில் தொழிலாளரின் பாதுகாப்பைக் கவனிக்கத் தனி அலுவலர் உண்டு. வயலில் பூச்சி மருந்து தெளிப்பவருக்கு அப்படி ஒருவர் இல்லை. அந்தப் பொறுப்பு வேளாண்மை அலுவலர்களையே சாருகிறது. வாட்ஸ்அப், யூடியூப் வழியாக அவர்கள் எச்சரிக்கைகளை வெளியிடுவது வரவேற்கத்தக்கதே. ஆனால், அனுப்பியதோடு கடமை தீர்ந்தது என்று இருந்துவிடலாகாது.

2017-ஆம் ஆண்டில் மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்தடித்த 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அதே ஆண்டு நமது பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக் காட்டில் உயிர்ச்சேதம் நேர்ந்தது.

கைபேசிக் குழுக்களில் சேர்ந்திருப்பவர் பெரும்பாலும் நிலத்துக்காரர். தெளிப்பானை முதுகில் சுமப்பவரோ கூலி ஆள். எச்சரிக்கை முதலாமவரிடமே நின்றுவிட்டால் பயனில்லை. ஆகவே, "கையுறையும் முகமூடியும் வாங்கிக் கொடுங்கள், காற்றுக்கு எதிராகத் தெளிக்கச் சொல்லாதீர்கள், இதை ஆட்களுக்கும் போட்டுக் காட்டுங்கள்" என்று நிலத்துக்காரரின் கடமையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நீண்ட சுற்றறிக்கையைப் படம் பிடித்து அனுப்புவதை யாரும் படிப்பதில்லை. வட்டாரப் பேச்சில் ஒரு நிமிடக் குரல் பதிவு போதும், எழுத்தறியாதவரும் கேட்பார். ஒரு பதிவில் ஒரு செய்தியே இருக்கட்டும். மருந்து டப்பாவிலுள்ள வண்ணக் குறியில் சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை என்பதை ஒரு நாள் விளக்கினால், மருந்தடித்த உடுப்பைத் தனியே துவைப்பது பற்றி மறுநாள் சொல்லலாம்.

தவறான வைத்தியமும் இதே கைபேசியில்தான் பரவுகிறது. மருந்து உள்ளே போனவருக்கு உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது ஆபத்து. அது நுரையீரலுக்குள் புகுந்துவிடக்கூடும். உடையைக் களைந்து, உடம்பைச் சோப்பு நீரால் கழுவி, 108-க்குச் சொல்லி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைவதே முறை. பொய்ச் செய்தி வந்த அன்றே அலுவலர் மறுப்பை வெளியிட வேண்டும். மயங்கிக் கிடப்பவரின் படத்தைப் போடுவதோ அறவே கூடாது.

விருப்பக் குறிகளை எண்ணிக்கொண்டிருப்பதில் பொருளில்லை. மருந்தடிக்கும் பருவத்தில் வரப்பில் இறங்கி நடந்து பார்க்கும் அலுவலருக்கே, தாம் சொன்னது தெளிப்பவரின் காதில் விழுந்ததா என்பது தெரியும்.