கடல் கடந்த விடுமுறை

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதியோரிடம் இளமைக்கால விடுமுறைகளைப் பற்றி நாம் வினவினால், தலைமன்னார்க் கப்பலை நினைவுகூர்வோர் பலர். கோட்டையில் இரவுப் புகையிரதம் ஏறி, தலைமன்னார்த் துறையில் இறங்கி, கப்பலில் தனுஷ்கோடி சேர்ந்த பயணம் அது. 1914இல் தொடங்கிய அவ்வழியில் கடல் ஏறத்தாழ 20 மைல்தான். ஆயினும், நெடிய யாத்திரையில் நெஞ்சில் நிலைத்தது அச்சிறு பொழுதே: மேல்தட்டின் உப்புக்காற்று, கட்டுச்சோற்றின் மணம், தொலைவில் தோன்றும் மறுகரை!

1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. 2023இல் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே புதுவழி திறந்தது. வழிகள் மீளலாம், எழுதப்படாத நினைவுகள் மீளா. அன்று பயணஞ் செய்தோர் அருகி வருகின்றனர். மாணவர்களே, இன்றே பாட்டன் பாட்டியரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.