மொசைக் மேல் மொசைக்

மதுரையில் வசதியுள்ள வீடுகளை இப்பொழுது ஒரு புது மோகம் பிடித்து ஆட்டுகிறது. பெயர் 'ரெட்ரோ ஹால்'.

அதாவது வீட்டு ஹால் 1950, 60களில் இருந்த மாதிரி தெரிய வேண்டுமாம். கால்கள் சாய்ந்த தேக்கு சோபா, பிரம்பு பின்னிய நாற்காலி, தரையில் புள்ளி புள்ளியாக 'டெரஸோ' டைல்ஸ், மூலையில் ஓடாத ஒரு வால்வு ரேடியோ, சுவரில் பழைய சினிமா போஸ்டர். இன்டீரியர் டிசைனர்கள் இதற்கு 'மிட் செஞ்சுரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் இன்ஸ்டாகிராமில் பார்த்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறான், அப்பா தலையாட்டுகிறார், அடுத்த மாதம் வேலை ஆரம்பம்.

கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? பழசை மதிக்கிறார்கள், நல்ல விஷயம்தானே?

அங்கேதான் கூத்தே இருக்கிறது. பழசை மதிக்கக் கிளம்பியவர்கள் முதலில் செய்யும் காரியம், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழசைத் தூக்கி எறிவது!

எஸ்.எஸ். காலனி, திருநகர் பக்கம் ஒரு தெருவில் நடந்து பாருங்கள். அறுபதுகளில், எழுபதுகளில் கட்டிய வீடுகள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டிய வருடத்தை சிமெண்டிலேயே எழுதியிருப்பார்கள். காற்று வர சிமெண்ட் ஜாலி, ஜன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு, உள்ளே போனால் மொசைக் தரை. கோடையில் வெறும் உடம்போடு படுத்தால் முதுகு குளிரும் தரை.

அந்த மொசைக் தரைக்கு இத்தாலியப் பெயர்தான் டெரஸோ. இரண்டும் ஒன்றே! சிமெண்டில் சலவைக்கல் சில்லுகளைக் கலந்து தரையிலேயே கொட்டி, இறுகிய பிறகு மெஷினை வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவது. நம்மூர்க் கொத்தனாருக்கு அது மொசைக். டைல்ஸ் ஷோரூமில் ஏ.சி. போட்டு விற்றால் டெரஸோ.

இப்பொழுது நடப்பதைக் கவனியுங்கள். அசல் மொசைக் தரையின் மேல் பசையைத் தடவி, மொசைக் படம் அச்சடித்த டைல்ஸை ஒட்டுகிறார்கள். இந்த டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியில் இருந்து லாரி ஏறி வருகிறது. தரை உயர்ந்துவிட்டதால் கதவு தட்டும். உடனே ஆசாரியைக் கூப்பிட்டு அறுபது வருடத் தேக்குக் கதவின் அடியை இழைக்கிறார்கள். கீழே அசல், மேலே அதன் போட்டோ! அம்மாவின் முகத்தில் அம்மாவின் போட்டோவை ஒட்டி அழகு பார்த்த கதை.

இதில் தொழில்நுட்ப வித்தியாசமும் இருக்கிறது. அசல் மொசைக்கில் கல் சில்லு மேல்பூச்சு முழுவதிலும் கலந்திருக்கும். மங்கிப்போனால் மறுபடி மெஷின் போட்டுத் தேய்க்கலாம், புதுசாகிவிடும். அச்சடித்த டைல்ஸில் படம் மேலே மட்டும்தான். ஓரம் பெயர்ந்தால் உள்ளே இருக்கும் வெள்ளையோ சாம்பலோ பல்லை இளிக்கும். அதைத் தேய்க்க முடியாது, மாற்றத்தான் முடியும். பழைய தரைக்கு பாலிஷ் போட ஆகும் செலவையும், புது டைல்ஸ், பசை, கூலி, கதவு இழைக்கும் செலவு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பி.காம் படிக்க வேண்டியதில்லை, ஐந்தாம் வகுப்புக் கணக்கே போதும்.

தரை முடிந்தது. அடுத்தது நாற்காலி.

தாத்தாவின் பிரம்பு நாற்காலி ஒன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கும். பிரம்பு அறுந்து, மொட்டை மாடிப் படிக்கட்டுக்குக் கீழே கிடக்கும். "ஏங்க, இந்தச் சனியனை முதல்ல வெளிய போடுங்க" என்று ஒரு குரல் வரும். சட்டம் அசல் தேக்கு என்பதை யாரும் பார்ப்பதில்லை. பேரீச்சம்பழத்துக்குப் போட்டாயிற்று. மூன்று மாதம் கழித்து அதே வடிவத்தில் ஒரு நாற்காலி ஷோரூமில் இருந்து வரும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, மேலே காகிதக் கனத்தில் தேக்குத் தோல், மெஷினில் பின்னிய பிரம்புத் தாளைப் பின் அடித்து ஒட்டியிருப்பார்கள். விலையைக் கேட்டால் தாத்தா எழுந்து உட்காருவார்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. வருமான வரிக் கணக்கில் மரச்சாமான்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானம், குறையும் மதிப்பு முறையில். 1,000 ரூபாய் நாற்காலி 50 வருடம் கழித்து ஏட்டில் 5 ரூபாய் 15 காசு. ஆனால் தேக்குக்கு இந்தக் கணக்கு தெரியாதே! அது அப்படியே இருக்கிறது. ஏட்டு மதிப்பை உண்மை மதிப்பு என்று நம்பியவர் விற்கிறார், வித்தியாசம் தெரிந்தவர் வாங்குகிறார். நடுவில் இருப்பதுதான் லாபம். விற்றவர் வீட்டுக்கு அதில் ஒரு பைசா வராது.

இது நம்மூர் முட்டாள்தனம் மட்டுமல்ல. சண்டிகரில் இதே கதை பிரம்மாண்டமாக நடந்திருக்கிறது. அந்த நகரம் உருவானபோது லெ கார்பூசியேயின் உறவினர் பியர் ஜான்னரே அங்கேயே 1965 வரை தங்கி வேலை பார்த்தார். அரசு அலுவலகங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலிகள் வடிவமைத்தார்கள். உள்ளூர் தச்சர்கள் செய்தார்கள், குமாஸ்தாக்கள் உட்கார்ந்தார்கள். பிரம்பு அறுந்ததும் என்ன ஆயிற்று? மொட்டை மாடியில் குவித்து, கழிவுச் சாமான் என்று ஏலம் விட்டார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். ஐரோப்பா, அமெரிக்கா ஏலக்கூடங்களில் அவை லட்சக்கணக்கான ரூபாய்க்குப் போக ஆரம்பித்த பிறகுதான் இங்கே கண் விழித்தது. 2011ல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்கவும் வெளியே அனுப்பவும் தடை போட்டது. குதிரை போன பிறகு லாயத்துக்குப் பூட்டு.

இன்று மதுரையில் 'சண்டிகர் சேர்' என்று நகல் வாங்கி ஹாலில் போடுகிறவர், அந்தக் கதையின் முதல் பாதியைத் தன் வீட்டிலேயே நடத்தி முடித்துவிட்டுத்தான் இரண்டாம் பாதிக்குக் காசு கொடுக்கிறார்.

அறுபதுகள் போதவில்லை, இன்னும் பின்னால் போக வேண்டும் என்று ஆசைப்படுபவர்களும் உண்டு. அவர்கள் கார் எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் போகிறார்கள், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு. பழைய சாமான் கடைகளுக்குப் பெயர் போன தெரு. பர்மாத் தேக்குத் தூண், செதுக்கிய நிலைக்கதவு, பீங்கான் ஜாடி, எனாமல் டிபன் கேரியர், ரவிவர்மா அச்சுப்படம், எல்லாம் கிடைக்கும். தூணை வாங்கி வந்து பத்தடி உயர ஃபிளாட் ஹாலில் நிறுத்த முடியுமா? முடியாது. அறுக்கிறார்கள்! கதவைப் படுக்கப் போட்டு மேலே கண்ணாடி வைத்தால் டீப்பாய். ஆட்டுக்கல்லில் மணி பிளான்ட்.

ஒரு தூண் தனியாகக் கடைக்கு நடந்து வராது. அது நின்ற வீடு விழுந்தால்தான் வரும். செட்டிநாட்டு வீடுகள் ஆளில்லாமல் போனதற்குப் பெரிய காரணங்கள் உண்டு. 1942ல் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்தது, 1948க்குப் பிறகு அங்கே நிலங்கள் அரசுடைமை ஆயின. நகரத்தாரின் கொண்டுவிற்கும் தொழில் ஆட்டம் கண்டது. ஒரு வீட்டுக்கு முப்பது பங்குதாரர், ஆளுக்கொரு நாட்டில். யார் ஓடு மாற்றுவது? 2014ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியலில் பெயர் இருப்பதால் எந்த வீட்டுக் கூரையும் ஒழுகாமல் நின்றுவிடாது.

பழைய சாமான் கடைக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் எடுக்காவிட்டால் பாதி விறகாகப் போயிருக்கும். ஆனால் தூணுக்கு விலை ஏற ஏற, முப்பது பங்குதாரர்களில் யாரோ ஒருவருக்கு 'வீட்டைப் பிரிச்சுப் போட்டுடலாம்' என்று தோன்றும். முழு வீட்டை விட உதிரி பாகங்களுக்கு விலை அதிகம் என்றால் எந்த வண்டிதான் முழுசாக ஓடும்?

அதே காரைக்குடிக்குப் பக்கத்தில்தான் ஆத்தங்குடி இருக்கிறது. அங்கே சூளையே கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊற வைத்து, காய வைத்து எடுக்கிறார்கள். எல்லாம் கைவேலை. கண்ணாடிதான் அந்த வழவழப்பைக் கொடுக்கிறது. இன்றும் உயிரோடு இருக்கும் தொழில். இதை வாங்கினால் யார் வீடும் இடிய வேண்டாம். பழைய தூணை அறுக்கிறவர் இதை வாங்குகிறாரா? "அதுக்கு மெயின்டனன்ஸ் ஜாஸ்தி சார்" என்று சொல்லிவிட்டு, ஆத்தங்குடி டிசைன் அச்சடித்த டைல்ஸை எடுத்துக்கொண்டு போகிறார். செத்ததற்கு மாலை, இருப்பதற்குப் பட்டினி.

மிட் செஞ்சுரிக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் இரண்டு பெயர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ். அமெரிக்கத் தம்பதி. 1956ல் அவர்கள் வெளியிட்ட சாய்வு நாற்காலியின் நகலுக்குத்தான் இன்று இத்தனை அடிதடி. இந்த இருவரையும் இந்திய அரசு அழைத்தது. நாட்டைச் சுற்றிப் பார்த்து 1958ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதை ஒட்டித்தான் 1961ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. அந்த அறிக்கையில் இந்தியாவில் பார்த்த பொருட்களிலேயே அழகானது என்று எதைப் புகழ்ந்தார்கள் தெரியுமா? சொம்பு! சாதாரணத் தண்ணீர்ச் சொம்பு. யாரோ ஒரு மேதை உட்கார்ந்து வரைந்ததல்ல, தலைமுறை தலைமுறையாகப் புழங்கிப் புழங்கி உருவானது என்பதுதான் அவர்கள் வியந்தது. இங்கே அந்தச் சொம்பைப் பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, அவர்கள் நாற்காலியின் நகலுக்கு ஈ.எம்.ஐ. கட்டுகிறார்கள் :)

உண்மையில் 1960ல் மதுரையில் ஒரு ஹால் எப்படி இருந்தது? பெரும்பாலும் காலியாக இருந்தது. ராத்திரி பத்துப் பேர் பாய் விரித்துப் படுக்க இடம் வேண்டுமே! ஒரு ஈஸி சேர், ஒரு பெஞ்சு, கல்யாணச் சீரில் வந்த பீரோ, வாசல் நிலைக்கு மேல் சாய்த்து மாட்டிய போட்டோக்கள், அதன் பின்னால் குருவிக்கூடு. வசதி இருந்தால் ரேடியோ, அதில் இலங்கை வானொலி. சிமெண்டே கட்டுப்பாட்டில் இருந்த காலம். விலைக்கட்டுப்பாடு 1982ல் பாதி தளர்ந்து 1989ல்தான் முழுதாகப் போயிற்று. அதனால் வாங்கியது எதுவும் ஆயுசுக்கும் உழைக்க வேண்டும், உடைந்தால் சரிசெய்ய வேண்டும். அந்த எளிமை ஸ்டைல் அல்ல, தட்டுப்பாடு. ஆனால் அந்தத் தட்டுப்பாடு ஒரு நல்ல பழக்கத்தைக் கொடுத்தது: சரிசெய்து பயன்படுத்துவது.

இன்றைய ரெட்ரோ, வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தப் பழக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டது. ஜாலியை அடைத்துவிட்டு ஏ.சி., உயரமான கூரைக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங். மே மாதம் 40 டிகிரி தாண்டும் ஊரில், காற்று வர வைத்த வழியை எல்லாம் மூடிவிட்டு 'அந்தக் காலத்து ஹால்' என்றால் சிரிக்காமல் என்ன செய்வது?

"என் காசு, என் வீடு, உனக்கென்ன?" என்று கேட்கலாம். நியாயம்தான். பழைய வீட்டில் ஒழுகுகிறது, ஒயரிங் ஆபத்து, பாத்ரூம் கொல்லைப்புறம், முட்டிவலி வந்த பாட்டியால் படி ஏற முடியவில்லை. இதையெல்லாம் மாற்றத்தான் வேண்டும். கஷ்டத்தை அனுபவித்தவர்கள் பழசை வெறுப்பதில் தப்பே இல்லை. மொசைக் பிடிக்கவில்லை, பளபள டைல்ஸ்தான் வேண்டும் என்று நேராகச் சொல்பவரோடு யாருக்கும் சண்டை கிடையாது. அவர் நேர்மையானவர். சண்டை எல்லாம் பழசை உடைத்துவிட்டு, 'எங்களுக்குப் பழசு என்றால் உயிர்' என்பவரோடுதான்.

ஏனென்றால் இதில் நஷ்டப்படுவது அவர் மட்டுமல்ல. பிரம்பு பின்னுபவருக்கு வேலை இல்லை. ஒரு காலத்தில் பார்வையற்றவர்களுக்குத் தொழிற்பயிற்சியாகக் கற்றுக்கொடுத்த வேலை அது. மொசைக் தேய்க்கும் மெஷின்காரர் வேறு தொழிலுக்குப் போகிறார். மூட்டு கழன்ற நாற்காலியை ஆணி அடிக்காமல் சேர்க்கத் தெரிந்த ஆசாரியின் மகன் டெலிவரி வண்டி ஓட்டுகிறான். ஹாலுக்காகச் செலவாகும் லட்சங்களில் இவர்களுக்கு ஒரு பங்கு போனால் இந்தத் தொழில்கள் இன்னொரு தலைமுறை நிற்கும். மொத்தமும் ஷோரூமுக்கும் மோர்பிக்கும் போனால், இருபது வருடம் கழித்து ஆசைப்பட்டாலும் பழுது பார்க்க ஆள் கிடைக்காது. அப்பொழுது எல்லா வீட்டிலும் ரெட்ரோ இருக்கும், எதுவும் பழசாக இருக்காது.

ஆகவே, ரெட்ரோ ஹால் கேட்கும் அன்பர்களே, ஷோரூமுக்குக் கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். பரணில் ஏறிப் பாருங்கள். படிக்கட்டுக்குக் கீழே டார்ச் அடியுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரும் துணியும் எடுத்து வந்து ஹால் தரையை ஒரு மூலையிலாவது அழுத்தித் துடையுங்கள்.

கடையில் காட்டிய அதே டிசைன்தான் அங்கே இருக்கும். காசு உங்கள் தாத்தா எப்போதோ கொடுத்துவிட்டார்.