5 கி.மீ. ஓடினால் வீட்டு வாசல் தெரிந்துவிடும்! ரன்னிங் ஆப்பில் 'எல்லோரும்' என்றால் யார் யார்?

ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரை, அம்பத்தூரின் உள்தெருக்கள், பூந்தமல்லி பைபாஸ் பக்கம் முளைத்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகள்... சென்னையின் மேற்குப் புறநகரில் விடியற்காலையில் ஓடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கும் ஊர் என்பதால் ஐந்தரைக்குக் கிளம்பியாக வேண்டும். கையில் ஒரு ஃபிட்னஸ் டிராக்கர் அல்லது ஸ்மார்ட் வாட்ச். வீட்டு கேட்டைத் தாண்டியதும் 'ஸ்டார்ட்'. திரும்பி வந்து கேட்டைத் தொட்டதும் 'ஸ்டாப்'. காபி ஆறுவதற்குள் எத்தனை கிலோமீட்டர், என்ன வேகம், இதயத்துடிப்பு எவ்வளவு, எந்த வழியாகப் போனார் என்பதெல்லாம் ஸ்ட்ராவா மாதிரியான ஒரு ரன்னிங் ஆப்பில் ஏறிவிடும். நாலு பேர் 'குடோஸ்' தட்டினால் அன்றைய நாளே சூப்பர்.

இதில் தப்பே இல்லை. பகல் முழுக்க அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் காலையில் எழுப்பி ஓடவைக்கிறது என்றால் அந்த வாட்ச்சுக்குக் கொடுத்த காசு வீண் இல்லை. ஆனால், ஓட்டம் முடிந்ததும் ஆப் வரைந்து காட்டுகிறதே ஒரு கோடு, அதை யார் யார் பார்க்கிறார்கள் என்று ஓடுகிறவர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை.

முதலில், அந்த வாட்ச் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

மணிக்கட்டில் பச்சையாக மின்னுகிறதே, அதுதான் இதயத்துடிப்பு சென்சார். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் ரத்த ஓட்டம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் மாறும். அதை வைத்து வாட்ச் கணக்குப் போடுகிறது. இந்தக் கணக்கு ஓரளவு நம்பகமானதுதான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் 60 பேரை வைத்து ஏழு சாதனங்களைச் சோதித்தார்கள். இதயத்துடிப்பில் ஆறு சாதனங்களின் பிழை 5 சதவிகிதத்துக்குள் இருந்தது. கலோரி விஷயத்தில் மட்டும் கதை கந்தல். இருப்பதில் நல்ல சாதனமே 27 சதவிகிதம் தவறு. மோசமானது 93 சதவிகிதம். '400 கலோரி எரிச்சாச்சு' என்று வாட்ச் சொன்னதை நம்பி இன்னொரு பரோட்டா சொல்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

பத்தாயிரம் ஸ்டெப்ஸ் கணக்கும் மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தது இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டோடு, ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயர் 'மான்போ-கெய்'. 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்பது அதன் பொருள். விளம்பரப் பெயர் அப்படியே உலகத்தின் இலக்காகிவிட்டது.

மீதி இருப்பது ஜிபிஎஸ். வானம் திறந்திருந்தால் ஸ்மார்ட்போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் துல்லியத்தில் இடத்தைக் காட்டும். பூந்தமல்லி சாலையில் மெட்ரோ மேம்பாலத்துக்குக் கீழே ஓடினால் செயற்கைக்கோள் சிக்னல் கான்கிரீட்டில் பட்டுத் தெறித்து, கோடு கோணல்மாணலாக எதிர்ச்சாரிக் கடைக்குள் புகுந்து வெளியே வரும். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் தினமும் ஒரே கேட்டில் தொடங்கி ஒரே கேட்டில் முடிகிற இருபது ஓட்டங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பிழையெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, நடுவில் ஒரு வீடு மட்டும் மிஞ்சும். கலோரியைத் தப்பாகச் சொல்கிற வாட்ச், வீட்டை ரொம்பச் சரியாகச் சொல்லிவிடுகிறது.

ஆவடிக்காரர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டிய கதை

2017 நவம்பரில் ஸ்ட்ராவா ஓர் உலக 'ஹீட் மேப்' வெளியிட்டது. நூறு கோடி ஓட்டங்கள், சைக்கிள் பயணங்கள். மூன்று லட்சம் கோடி ஜிபிஎஸ் புள்ளிகள். ஆட்கள் அதிகம் ஓடும் இடம் பளிச்சென்று ஒளிரும். பார்க்க அழகான மேப். யாருடைய பெயரும் அதில் இல்லை என்பதால் பிரச்சினை வராது என்றுதான் நிறுவனம் நினைத்திருக்க வேண்டும்.

2018 ஜனவரியில் நேதன் ரூசர் என்ற 20 வயது ஆஸ்திரேலிய மாணவர் அந்த மேப்பைப் பார்த்தார். வசதியான வெள்ளைக்காரர்கள் உலகத்தில் எங்கெல்லாம் இருக்கிறார்கள் என்று இது காட்டுகிறதே என அவருடைய அப்பா போகிறபோக்கில் சொன்னாராம். அது பையனுக்குப் பொறி தட்டியது. சிரியாவையும் ஆப்கானிஸ்தானையும் பெரிதாக்கிப் பார்த்தார். கும்மிருட்டுப் பாலைவனத்துக்கு நடுவே சின்னச் சின்ன ஒளி வளையங்கள். ராணுவ முகாமின் சுற்றுச்சுவரை ஒட்டி வீரர்கள் காலையில் ஓடிய பாதைகள் அவை. பெயர் இல்லாத தரவே முகாமின் வடிவத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில், பணிக்களப் பகுதிகளில் இருப்பிடம் காட்டும் வசதியைப் பயன்படுத்த அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் ஆட்களுக்குத் தடை போட்டது.

இந்தக் கதை ஆவடிக்குத் தூரத்துக் கதை இல்லை. டேங்க் ஃபேக்டரி என்று ஊரே சொல்லும் கனரக வாகனத் தொழிற்சாலை, அர்ஜுன் டேங்கை வடிவமைத்த சி.வி.ஆர்.டி.இ., விமானப்படைத் தளம், சி.ஆர்.பி.எஃப். வளாகம் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. ஆவடி என்ற பெயரே ராணுவ வாகனங்களின் ஆங்கிலச் சுருக்கம் என்று அடித்துச் சொல்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. (அது வாட்ஸ்அப் காலத்துக்கு முந்தைய வாட்ஸ்அப் வதந்தி.) இந்த வளாகங்களிலும் குவார்ட்டர்ஸ்களிலும் இருப்பவர்களின் கையிலும் வாட்ச் இருக்கும். அவர்களுக்கும் காலையில் ஓடப் பிடிக்கும்.

2018-க்குப் பிறகாவது எல்லோரும் உஷாராகியிருப்பார்கள் என்று நினைத்தால், இல்லை. 2024 அக்டோபரில் பிரான்ஸின் 'லெ மாண்ட்' நாளிதழ், அதிபர் மக்ரோனின் மெய்க்காவலர்கள் ஸ்ட்ராவாவில் போட்ட ஓட்டங்களை வைத்தே அவர் போன, போகவிருந்த இடங்களைக் கண்டுபிடித்துக் காட்டியது. அமெரிக்க, ரஷ்ய அதிபர்களின் பாதுகாவலர்கள் விஷயத்திலும் இதே கதைதான். 2025 ஜனவரியில் அதே நாளிதழ் இன்னொன்றையும் எழுதியது. பிரான்ஸின் அணுசக்தி நீர்மூழ்கிகள் நிற்கும் தளத்தில் வீரர்கள் ஓடுவது ஸ்ட்ராவாவில் தெரிகிறது. சிலருடைய ஓட்டங்கள் திடீரென்று நின்று, பல வாரங்கள் கழித்துத் திரும்பத் தொடங்குகின்றன. அந்த இடைவெளியில் அவர்கள் கடலுக்கு அடியில் இருந்தார்கள் என்று ஊகிப்பதற்கு உளவுத்துறை தேவையில்லை.

ஓடிய நாள் மட்டுமல்ல, ஓடாத நாளும் தகவல்தான். நீர்மூழ்கிக்குப் பதிலாகப் பொங்கலுக்கு ஊருக்குப் போன ஓர் அம்பத்தூர் குடும்பத்தை நினைத்துக்கொண்டால் போதும். 'வீட்டில் ஆள் இல்லை' என்று வாசலில் போர்டு மாட்டுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

"என்னை எவன் தேடப் போறான்?"

பிரைவசி என்று பேச்சை எடுத்தாலே வருகிற பதில் இது. நியாயமான கேள்விதான். அதிபரின் மெய்க்காவலரைத் தேட ஒரு நாளிதழே உட்கார்ந்தது. கொரட்டூரில் ஓடும் ஒரு டெஸ்டிங் இன்ஜினீயரை யார் தேடுவார்கள்?

தேடுகிறவர் உளவாளியாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் இதற்குப் பதில். பிரேக்கப்பை ஏற்றுக்கொள்ளாத ஒருவராக இருக்கலாம். அலுவலகத்தில் பின்தொடர்ந்து தொல்லை தருகிறவராக இருக்கலாம். பல ஆயிரம் ரூபாய் சைக்கிள் எந்த வீட்டு போர்ட்டிகோவில் நிற்கிறது என்று பார்க்கும் திருடராக இருக்கலாம். பெயர், போட்டோ, வீடு, கிளம்பும் நேரம், தினமும் போகும் வழி, தனியாகவா கூட்டமாகவா என்ற விவரம்... இத்தனையும் ஒரே பக்கத்தில் கிடைக்கிறது. இருட்டு விலகாத ஐந்தரை மணிக்குத் தனியாக ஓடும் ஒரு பெண்ணுக்கு இதன் அர்த்தத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. 2023 ஜூலையில் ரஷ்யாவின் கிராஸ்னதார் நகரப் பூங்காவில், முன்னாள் நீர்மூழ்கித் தளபதி ஒருவர் காலை ஓட்டத்தின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வழக்கமாக ஓடும் பாதை ஸ்ட்ராவாவில் யாரும் பார்க்கும்படி இருந்தது.

வீட்டைச் சுற்றி மேப்பை மறைக்கும் வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஒரு முகவரியைச் சுற்றி 1,600 மீட்டர் வரை மறைக்க முடியும். ஆனால், பலர் வைப்பது 200 மீட்டர் மாதிரியான சின்ன வட்டம். பெல்ஜியத்தின் கே.யு. லுவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் இதைச் சோதித்துப் பார்த்து, மறைத்து வைத்த இடத்தை 85 சதவிகிதம் வரை கண்டுபிடிக்க முடிகிறது என்று காட்டினார்கள்.

எப்படி? மேப்பில் தெரிகிற கோட்டின் நீளம் 4.6 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மொத்த தூரம் 5 கி.மீ. என்று ஆப் எழுதிக் காட்டுகிறது. அப்படியானால் மறைந்திருப்பது 400 மீட்டர். கோடு எந்தத் தெருமுனையில் மறைகிறது என்பதும் தெரியும். அங்கிருந்து அவ்வளவு தூரத்தில் போய்ச் சேரக்கூடிய வாசல்கள் எத்தனை இருக்கும்? இதையே பல ஓட்டங்களுக்குப் போட்டுப் பார்த்தால் பட்டியல் சுருங்கிக்கொண்டே வரும். முட்டுச்சந்துகளும் ஒரே வழி உள்ள நகர்களும் நிறைந்த நம்ம ஏரியா மாதிரியான இடத்தில் வேலை இன்னும் சுலபம்.

எதற்காக இப்படி வைத்திருக்கிறார்கள்?

இங்கேதான் ஓடுகிறவர்களைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு ஆப்பை வடிவமைத்தவர்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஸ்ட்ராவாவில் வயது வந்த ஒருவர் புதிதாகக் கணக்கு தொடங்கினால், அவருடைய ஓட்டங்கள் தானாகவே 'எல்லோரும்' என்ற நிலையில்தான் இருக்கும். அதை 'ஃபாலோயர்ஸ் மட்டும்' என்று மாற்றினால், குறிப்பிட்ட ஒரு சாலைத் துண்டில் யார் வேகம் என்று காட்டும் செக்மென்ட் பட்டியலில் பெயர் வராது. அதாவது, போட்டியில் இருக்க வேண்டுமென்றால் கதவைத் திறந்து வை என்கிறது ஆப். பிரைவசி வேண்டும் என்பவர் விளையாட்டின் பாதி சுவாரஸ்யத்தை இழக்க வேண்டும். இது தொழில்நுட்பத்தின் கட்டாயம் கிடையாது. நிறுவனம் எடுத்த முடிவு.

முடிவு என்பதால் மாற்றவும் முடியும். ஓடும்போது பக்கத்தில் கடந்து போனவர் யார் என்று காட்டும் 'ஃப்ளைபை' வசதி ஒரு காலத்தில் தானாகவே திறந்திருந்தது. வழியில் பார்த்த முன்பின் தெரியாத ஆளின் பெயரையும் வழியையும் வீட்டுக்குப் போய் எடுத்துவிடலாம். எதிர்ப்பு கிளம்பியதும், 2020-ல் அதை டீஃபால்ட்டாக மூடிவிட்டார்கள். ஓட்டத்துக்கும் அதையே செய்தால் என்ன?

இந்தியச் சட்டம் காப்பாற்றுமா? 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவருடைய ஒப்புதல் சுதந்திரமாக, தெளிவாக, விவரம் தெரிந்து, அவரே ஒரு செயல் மூலம் காட்டியதாக இருக்க வேண்டும் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், அதே சட்டத்தின் 3-வது பிரிவில் ஒரு வரி உண்டு. ஒருவர் தாமாகவே பொதுவெளியில் வைத்த தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. டீஃபால்ட்டாகத் திறந்து கிடந்த ஓட்டத்தை 'அவரே வெளியிட்டார்' என்று ஒரு நிறுவனம் வாதாடினால் என்ன ஆகும்? செட்டிங்ஸ் பக்கத்தையே பார்க்காத ஒருவர் எதை வெளியிட்டார் என்று சொல்வது? உடல்நலத் தகவலை மற்றத் தகவல்களைவிட உயர்ந்த பாதுகாப்பில் வைக்கும் தனி வகையும் இந்தச் சட்டத்தில் இல்லை. 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன. நிறுவனங்களின் முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அதுவரை அவரவர் போன்தான் அவரவர் காவல் நிலையம்.

ஆகவே, இன்றைக்கே செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. ஸ்ட்ராவா செட்டிங்ஸில் 'பிரைவசி கன்ட்ரோல்ஸ்' போய், ஓட்டங்களை 'ஃபாலோயர்ஸ்' என்று மாற்றிவிட்டு, அந்த ஃபாலோயர் பட்டியலில் முகம் தெரியாதவர்களைக் கழற்றிவிடலாம். ஹீட் மேப்பில் சேர வேண்டாம் என்றால் 'அக்ரிகேட்டட் டேட்டா யூசேஜ்' என்பதை அணைக்க வேண்டும். மறைக்கும் வட்டத்தைச் சின்னதாக வைக்காமல் பெரிதாக்கலாம். எல்லாவற்றையும்விட எளிமையானது, வீட்டு கேட்டில் ஸ்டார்ட் அமுக்கும் பழக்கத்தை விடுவது. மெயின் ரோடு வரை வார்ம்-அப்பாக நடந்துபோய், அங்கே தொடங்கி, திரும்பும்போது வேறொரு முனையில் நிறுத்தலாம். 400 மீட்டர் கணக்கில் குறையும். அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தைப் பலரும் தவறவிடுகிறார்கள். புது செட்டிங் இனிமேல் ஓடப்போகிற ஓட்டங்களுக்குத்தான். இதுவரை ஓடியவை அப்படியே திறந்து கிடக்கும். அவற்றை மூட 'எடிட் பாஸ்ட் ஆக்டிவிட்டீஸ்' என்ற இடத்துக்குத் தனியாகப் போக வேண்டும்.