கடலா, ஏரியா?

ஜீவபுத்தகத்தில் பெயர் இல்லாதவர்கள் தள்ளப்படும் இடத்துக்கு, வெளிப்படுத்தின விசேஷத்தின் இருபதாம் அதிகாரத்தில் நம் பழைய வேதாகமம் வைத்த சொல் 'அக்கினிக்கடல்'. 1995இல் வந்த திருவிவிலியம் 'நெருப்பு ஏரி' என்கிறது. கிரேக்க மூலத்தில் இருப்பதும் ஏரிதான். கொளவாய் ஏரியையும் மதுராந்தகம் ஏரியையும் பார்த்து வளர்ந்த நமக்கு ஏரி என்றால் மதகு, கலங்கல், பாசனம். மாமல்லபுரம் தொடங்கி சதுரங்கப்பட்டினம் வரை கரையில் இருப்பவர்களுக்குக் கடல் என்றால் சோறு. 2004 டிசம்பர் 26 சுனாமி முதல் சாவும்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அடுத்த வாரம் கரையோரம் நடந்த ஒரு ஜெபக்கூட்டத்தில் பிரசங்கியார் ஒருவர், செத்த மீனவர்கள் இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்குப் போய்விட்டார்கள் என்றார். எனக்கு முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த பெண் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் ஞானஸ்நானம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். அண்ணனைப் புதைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கூட்டம் கலைந்ததும் அவரிடம் போய், "எங்க அண்ணன் யாருக்கும் ஒரு கெடுதி பண்ணலீங்களே, ஐயா" என்றாள். அவர் அவள் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினார். பதில் சொல்லவில்லை.

ஞானஸ்நானம் பெறாமல் செத்தவர்கள் எங்கே போகிறார்கள் என்ற இந்தக் கேள்வி பழையது. முத்துக்குளித்துறையில் ஞானஸ்நானம் கொடுத்த சவேரியார், 1552இல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், ஜப்பானில் புதிதாக மனம் திரும்பியவர்கள் இறந்துபோன தாய்தகப்பனை நினைத்து அழுததைச் சொல்கிறார். நரகத்திலிருந்து அவர்களுக்கு மீட்பு இல்லை என்பதே அவர் தந்த பதில். சாது சுந்தர் சிங்கின் தாய் சீக்கியராகவே இறந்தவர். அம்மா பரலோகத்தில் இல்லையென்றால் தன்னையும் நரகத்துக்கு அனுப்பும்படி கடவுளைக் கேட்பேன் என்று சாது சொன்னதை, பாளையங்கோட்டைக்காரரான ஏ. ஜே. அப்பாசாமியும் ஸ்ட்ரீட்டரும் 1921இல் எழுதிய நூல் பதிவு செய்திருக்கிறது.

திருச்சபைக்குள் இதற்கு ஒரே பதில் இருந்ததில்லை. முடிவில்லாத வேதனை என்றார் அகுஸ்தீன். பெரும்பான்மை அவர் பக்கம் போயிற்று. அவருக்கு ஒரு தலைமுறை முந்திய நிசாவின் கிரகோரியார், கடைசியில் எல்லோரும் கடவுளிடம் வந்து சேர்வார்கள் என்று நம்பினார்; அவரைச் சபை இன்றும் புனிதராகவே வைத்திருக்கிறது. அந்த நெருப்பு அழிக்கத்தான், வதைக்க அல்ல என்ற பக்கம் சாய்வதாக 1988இல் ஆங்கிலேயப் போதகர் ஜான் ஸ்டாட் எழுதினார். வெளிப்படுத்தின விசேஷத்தின் அதே அதிகாரம் அக்கினிக்கடலை 'இரண்டாம் மரணம்' என்பதையும் கவனிக்க வேண்டும். தன் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாமல், நேர்மையாகக் கடவுளைத் தேடுகிறவர்களும் மீட்படையலாம் என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. 1938 டிசம்பரில் உலக மிஷனெரி மாநாடு, செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள தாம்பரத்தில் கூடியபோது, கிறிஸ்துவின் வெளிப்பாட்டுக்கும் பிற மதங்களுக்கும் தொடர்ச்சி இல்லை என்ற ஹென்ட்ரிக் க்ரேமரின் நூலை மறுத்துச் சென்னைக் கிறிஸ்தவச் சிந்தனையாளர்களான செஞ்சையாவும் சக்கரையும் நண்பர்களோடு ஒரு நூலே கொண்டுவந்தார்கள். நம் முன்னோரோடு கடவுள் பேசவே இல்லையா என்பதுதான் அந்த வழக்கின் அடியில் கிடந்த துக்கம் என்று நான் வாசிக்கிறேன்.

நியாயத்தீர்ப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏழையின் கூலியைப் பிடித்துவைத்தவன் கணக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று நம்புகிறேன். ஆனால் ஜீவபுத்தகம் எந்தப் பிரசங்கியாரின் கையிலும் இல்லை. இவ்வளவு பதில்கள் இருந்தும், சாவு வீட்டில் ஒன்றை மட்டும், அதிலும் மிகக் கொடியதை, எடுத்துச் சொல்வது பாவம்.

ஒவ்வொரு டிசம்பர் 26க்கும் அந்தப் பெண் கரைக்குப் போகிறாள். அண்ணி கடலில் பால் ஊற்றுவாள். இவள் கொஞ்சம் தள்ளி நின்று கண்ணை மூடிக்கொள்வாள். செத்தவர்களுக்காக ஜெபிக்கக் கூடாது என்பது அவள் சபையின் போதனை. என்ன சொல்லி ஜெபிக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒண்ணுமில்லண்ணா. அவரு பேரச் சொல்றேன்."