தொப்பைக்குள்ளே ஒரு ஓவர்டைம்!

"எனக்கென்ன பாஸ், வெயிட் கரெக்டா இருக்கு. சுகர் டெஸ்ட்டும் நார்மல்!" என்று சட்டையை இன் பண்ணிக்கொண்டே சொல்கிற பார்ட்டியா நீங்கள்? பெல்ட்டுக்கு மேலே லேசாக எட்டிப் பார்க்கிறதே ஒரு குட்டித் தொப்பை... இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு போட்டோ வந்தது. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்தையும் எடையையும் வைத்துப் போடுகிற பி.எம்.ஐ. கணக்கு ரெண்டு பேருக்குமே 22.3. ஆனால், உடம்பிலிருந்த கொழுப்பு? லண்டன்காரருக்கு 9.1 சதவீதம். நம்ம நாட்டுக்காரருக்கு 21.2! ஆள் ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம்மில் நிறைய பேருக்கு இதுதான் உடல்வாகு.

இருந்துட்டுப் போகட்டுமே என்கிறீர்களா? விஷயம் அங்கேதான் இருக்கு. சாப்பிட்டதும் கணையத்திலிருந்து வரும் இன்சுலின், ரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைக்குள் அனுப்பும். கூடவே கொழுப்பு செல்களிடம், "இப்போ எதையும் வெளியே விடாதே" என்றும் உத்தரவு போடும். தொப்பை கூடக் கூட அந்த செல்கள் பேச்சைக் கேட்பதில்லை. கொழுப்பு கசிந்து ஈரலிலும் தசையிலும் போய் உட்காருகிறது. அப்புறம் அவையும் இன்சுலினை மதிக்காது. பாவம் கணையம் என்ன செய்யும்? கூடுதலாகச் சுரந்து சமாளிக்கும். ரிப்போர்ட் நார்மலாக இருக்கும் ரகசியம் இதுதான். வருஷக்கணக்கில் ஓவர்டைம் பார்த்துக் களைத்துப்போகும்போதுதான் சுகர் ஏறும்.

சில பேருக்குப் பின்கழுத்தில் கறுப்பாக, தடிப்பாக ஒரு பட்டை வரும். அழுக்குன்னு நினைச்சு நார் போட்டுத் தேய்ப்பார்கள். போகாது! பெரும்பாலும் அது ரத்தத்தில் இன்சுலின் எகிறியிருப்பதற்கான அடையாளம். சோப்பை மாற்றாதீங்க, டாக்டரைப் பாருங்க.

இன்றைக்கே ஒரு டெய்லர் டேப் எடுங்கள். விலா எலும்பு முடிகிற இடத்துக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளக்கணும். பசங்களுக்கு 90 செ.மீ., பொண்ணுங்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் உஷார்!

பயப்பட வேண்டாம். வேகமாக நடக்கும்போது, தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். அதனால் காலேஜுக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடங்க. பாவம், கணையத்துக்கும் கொஞ்சம் ரெஸ்ட் வேணாமா?