புரவலரின் தராசு

பரிசுகளைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. பரிசு எந்த மதிப்பீட்டின்மேல் நிற்கிறது, அந்த மதிப்பீடு வளரப் பணம் கொடுத்தது யார் என்ற கேள்விகள் அபூர்வமாகவே எழுகின்றன. இக்கேள்விகளைத் தட்டிக்கழிக்கவே முடியாத ஒரு துறை அமெரிக்காவில் இருக்கிறது: கொடையையும் லாபநோக்கற்ற நிறுவனங்களையும் பற்றிய ஆராய்ச்சி. 1971-ல் வேறு பெயரில் தொடங்கி இன்று 'ஆர்னோவா' என்று அறியப்படும் அத்துறை அறிஞர்களின் சங்கம் சிறந்த நூல், சிறந்த ஆய்வேடு, சிறந்த கட்டுரை என்று பரிசுகள் வழங்கிவருகிறது. அறிஞனைக் கௌரவிப்பதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் இங்கு சிறப்பு எனப்படுவது என்ன?

துறை பிறந்த கதையைப் பார்க்க வேண்டும். 1969-ல் அமெரிக்கக் காங்கிரஸ் வரிச் சட்டத்தைத் திருத்தித் தனியார் ஃபவுண்டேஷன்களின் மேல் கட்டுப்பாடுகளை விதித்தது. செல்வந்தர்கள் விழித்துக்கொண்டார்கள். மூன்றாம் ஜான் டி. ராக்ஃபெல்லரின் முயற்சியில் 1973-ல் ஃபைலர் கமிஷன் கூடியது. கமிஷன் என்ற பெயரைப் பார்த்து அரசாங்க விசாரணை என்று நினைத்துவிட வேண்டாம், தனியார் கூட்டியது. கொடையைப் பற்றி அறிஞர்களிடம் ஏராளமான ஆய்வுகளை அது எழுதி வாங்கியது. 1977-ல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தின் பின்னாலும் அதே ராக்ஃபெல்லரின் ஊக்கம் உண்டு. பத்தாண்டு கழித்து இந்தியானாவில், லில்லி மருந்துக் கம்பெனிக் குடும்பத்தின் அறக்கட்டளைப் பணத்தில், கொடை ஆய்வு மையம் ஒன்று தோன்றியது. அது தனிக் கல்வி நிலையமாக வளர்ந்து 2013-ல் அக்குடும்பத்தின் பெயரையே சூட்டிக்கொண்டது. ஆராயப்படும் பொருளே ஆராய்கிறவனுக்குப் படியளக்கும் விந்தை இது.

படியளக்கும் வழக்கம் இதற்கும் முந்தியது. 1914 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரங்கள் தாக்கப்பட்டு எரிந்தன. குழிக்குள் பதுங்கியிருந்த 11 குழந்தைகளும் 2 பெண்களும் மாண்டார்கள். சுரங்கக் கம்பெனி ராக்ஃபெல்லர்களின் ஆதிக்கத்தில் இருந்தது. அதே ஆண்டு ராக்ஃபெல்லர் ஃபவுண்டேஷன், முதலாளி-தொழிலாளி உறவை ஆராய, பின்னாளில் கனடாவின் பிரதமரான மெக்கன்ஸி கிங்கை நியமித்தது. வழக்கில் ஒரு கட்சிக்காரனே ஆய்வும் நடத்தலாமா என்பது 1915-ல் வால்ஷ் கமிஷன் முன் நின்ற கேள்வி. அது இன்னும் நிற்கிறது.

அறிஞர்கள் விலைபோய்விட்டார்கள் என்று சொல்வது சுலபம், சோம்பேறித்தனமும்கூட. யேல் திட்டத்தோடு சேர்ந்திருந்த பீட்டர் டாப்கின் ஹால்தான், 'லாபநோக்கற்ற துறை' என்ற கருத்தே அண்மையில் கட்டப்பட்ட ஒன்று என்று 1992-ல் நூலெழுதிக் காட்டினார். பணம் பேனாவைப் பிடித்து நிறுத்துவதில்லை. எந்தக் கேள்வி எளிதில் கேட்கப்படும், எது கேட்கக் கடினமாகும் என்பதை அது முன்னாலேயே தீர்மானித்துவிடுகிறது. அமெரிக்காவில் லாபநோக்கற்ற நிறுவனங்கள் ஆண்டுதோறும் வரி இலாகாவுக்கு 990 என்ற படிவத்தைக் கொடுக்கின்றன. ஆய்வுகளில் பெரும் பகுதி இந்தப் படிவங்களைக் கறந்து எழுந்தது. வாங்குகிறவன் எந்தப் படிவமும் கொடுப்பதில்லை. ஆகவே அவனைப் பற்றிப் புள்ளிவிவரம் இல்லை. புள்ளிவிவரம் இல்லாததால் முறையியல் நேர்த்தி இல்லை. நேர்த்தி இல்லாததால் சிறப்பு இல்லை. சூது எதுவும் இல்லாமலே தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இத்துறை தலையில் வைத்துக் கொண்டாடும் தத்துவம் ஒன்றையே அதற்கு எதிராக நிறுத்தலாம். 1980-ல் ஹென்றி ஹான்ஸ்மன் யேல் சட்ட இதழில் எழுதினார்: தூரதேசத்துப் பட்டினிக்குப் பணம் அனுப்புகிறவனால் அது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க முடியாது, அதனால்தான் லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ளச் சட்டம் அனுமதிக்காத நிறுவனத்தை அவன் நம்புகிறான். பரிசும் இப்படித்தானே? ஆய்வின் தரத்தைச் சோதிக்க முடியாத வாசகன் பரிசு முத்திரையை நம்புகிறான். அப்படியானால் முத்திரை குத்துகிறவனுக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். நிறுவனங்களிடம் கேட்கும் கணக்கைப் பரிசளிப்போர் தம்மிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தன்னைப் பார்க்காமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் மறுத்த செய்தி புறநானூற்றில் இருக்கிறது. வாங்குகிறவனைப் பார்க்காமல் கொடுப்பது கொடையே ஆகாது என்ற அந்தப் பிரக்ஞை, கொடையை ஆராயும் துறைக்கு அன்னியமாக இருக்கலாமா? தேர்வுக் குழுவில் உதவி பெற்றவர்களும் உட்காரட்டும். பரிசு நூலின் பெயரோடு அந்த ஆய்வுக்குச் செலவழித்தவரின் பெயரும் மேடையில் வாசிக்கப்படட்டும். தகுந்த நூல் இல்லாத ஆண்டில் இல்லை என்று சொல்லும் துணிச்சலும் வேண்டும். இவை செய்யப்படும்வரை அந்தப் பரிசுகள் கொடையாளியின் வீட்டு விசேஷம்தான்; விமர்சனம் அங்கே விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து வரலாம், அவ்வளவே.